மகிழ்ச்சிக்கு மூன்று கொட்டேஷன்

மகிழ்ச்சியாக இருப்பவர்கள் ஒரு வகை. இல்லாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு கூட்டத்திலும் ஒட்டாமல், மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்பதை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தால் சரிப்படும் என்று இணையத்தில் தேடிக்கொண்டே காலத்தை ஓட்டுகிற மூன்றாவது வகை ஒன்று இப்போது பெருகி வருகிறது. இவர்களுக்கு யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. படிக்கிறவர்கள் என்று சொல்லலாமென்றால் இவர்கள் படிப்பதில்லை. ஆகவே இப்போதைக்குத் 'தேடுநர்' என்றே வைத்துக்கொள்வோம்.

தேடுநரை எங்கே பார்க்கலாம் என்று நீங்கள் அலைய வேண்டியதில்லை. அவரே வருவார். அலுவலக கேன்டீனில் நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளா நீங்க நீங்களா இல்லையே. ஒரு லிங்க் அனுப்பறேன், சேந்துடுங்க" என்பார். பல்வலி ஐயா, வேறொன்றுமில்லை என்று சொல்லிப் பாருங்கள். வலியோடு நட்பாவது பற்றி ஆறு வாரப் பாடம் ஒன்று இருப்பதாகவும், அதை நடத்துகிற அம்மையார் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர் என்றும் சொல்வார். நீங்கள் பல் டாக்டரிடம் போகிற வரைக்கும் விடமாட்டார். போய் வந்த பிறகும் விடமாட்டார்.

சேர்வது என்பது அவருக்கு ஒரு சடங்கு. பெயர், பிறந்த தேதி, 'இந்தப் படிப்பில் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள்' என்ற கட்டத்தில் உணர்ச்சி பொங்க நாலு வரி, பிறகு அந்த நீலப் பொத்தான். 'வாழ்த்துகள்! நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள்' என்று மின்னஞ்சல் வருகிற அந்த ஒரு விநாடி இருக்கிறதே, உண்மையைச் சொன்னால், அவர் தேடுகிற மகிழ்ச்சி முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதோடு எழுந்து போய்விட்டால் பிரச்சினையே இல்லை. ஆனால் போகமாட்டார். புது நோட்டு ஒன்று எடுப்பார். தலைப்பை எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவார். புத்தக அலமாரிக்கு முன்னால் கோட்டுப் போட்ட பேராசிரியர் நின்றுகொண்டு 'வணக்கம், உங்கள் பயணம் இன்று தொடங்குகிறது' என்று சொல்கிற முதல் வீடியோவைக் கண்கொட்டாமல் பார்ப்பார். இரண்டாவது வீடியோவில் பேராசிரியர் ஏதோ வேலை கொடுப்பார். அங்கேதான் நம்மவருக்கு, இதைவிட நல்ல படிப்பு வேறெங்காவது இருக்குமோ என்ற சந்தேகம் வரும். முதல் மூன்று பக்கம் மட்டும் எழுதிய நோட்டுகள் அவர் வீட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நமக்குத்தான் மனசு கஷ்டமாக இருக்கும்.

பொதுவாகச் சொன்னால் போதாது. ஒருவரைப் பிடித்து வைத்துக் காட்டினால்தான் விளங்கும்.

நாம் பார்க்கப்போகிறவர் தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவர். திருகாணி, வாஷர், ரப்பர் வளையம், உட்கார்ந்தால் கிரீச்சிடாத நாற்காலி என்று எது வாங்குவதானாலும் மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒரு பெரிய தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அங்கே அவருக்குப் பெயரே 'மூணு கொட்டேஷன்'தான். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் பெருமை. ஒரு முறை வீட்டுக்குக் குடை வாங்கப் புறப்பட்டு மூன்று கடை ஏறி இறங்கி, தாளில் எழுதிக் கூட்டிக் கழித்து முடிவெடுப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. "அவசரப்பட்டு வாங்கியிருந்தா இப்ப குடை சும்மா கெடக்குமே" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் மகிழ்ச்சியை மட்டும் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுவாரா? ஒப்பீட்டுப் பட்டியல் போட்டார். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வாரம், பேராசிரியர் சிரிக்கிறாரா, சிரித்தால் அது இயல்பா, சான்றிதழில் முத்திரை தங்க நிறமா நீலமா என்றெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்தார். அதோடு நிற்கவில்லை. மூன்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார்: 'தங்கள் பாடத்தை முடித்த எத்தனை நாட்களுக்குள் மகிழ்ச்சி வந்து சேரும்? அது எவ்வளவு காலம் உழைக்கும்? திருப்தி இல்லையெனில் மாற்றித் தரப்படுமா?' இரண்டு இடத்திலிருந்து பதில் இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து, 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று வந்தது. அதைப் பட்டியலில் 'விளக்கம் போதுமானதாக இல்லை' என்று பதிந்துகொண்டார்.

இவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கச் சொல்லி, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்குகிறவர். அதே மூன்று வாக்கியங்களைக் கற்றுக்கொடுக்கும் 'சுவாசமும் நிம்மதியும்' என்ற படிப்பில் தன் கணவர் சேர்ந்து, பத்தே நாளில் கைவிட்டதை அம்மணி பக்கத்திலிருந்து பார்த்தவர். சிரித்தாரா என்பது தெரியவில்லை. சமையலறையில் இருந்தார்.

அந்த அம்மணிக்குத்தான் ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஊரில் அவர்கள் ஆஸ்பத்திரியின் கிளை திறக்கிறது. எக்ஸ்ரே பிரிவு முழுவதற்கும் தலைமைப் பொறுப்பு, இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும், அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். தனக்குக் கீழே வேலை கற்றவர்களெல்லாம் தன்னைத் தாண்டிப் போவதைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடிதத்தில் தன் பெயர்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். அனுமதி கேட்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதரிடம் இதைச் சொல்ல வேண்டும், சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்க்காமல் போகவும் மனசில்லை, இருக்கவும் மனசில்லை.

திங்கட்கிழமை மாலை காபியோடு போய் நின்றார். "என்னங்க, ஒரு விஷயம் பேசணும்."

நம்மவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் கையை மட்டும் உயர்த்தினார். "ஒரே ஒரு அஞ்சு நிமிஷம். 'காது கொடுத்துக் கேட்பது எப்படி'ன்னு ஒரு பாடம். முக்கியமான கட்டத்துல இருக்கேன்."

காபி ஆறியது. புதன்கிழமை மறுபடியும் போனார். "எங்க ஆஸ்பத்திரியில இருந்து ஒரு லெட்டர்..." என்று ஆரம்பித்தபோது நம்மவர் கண்ணை மூடிச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணை மட்டும் கால்வாசி திறந்து, "நான் இப்ப இந்தக் கணத்துல இருக்கேன். அடுத்த கணத்துல வரியா?" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் விசேஷம். அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு மனைவியின் கண்ணைப் பார்த்து உட்கார்ந்தார். ஏழு விநாடிக்கு ஒரு தடவை தலையாட்டினால் எதிரில் இருப்பவருக்கு இதமாக இருக்கும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மனைவி கடிதத்தைப் பற்றி, புது ஊரைப் பற்றி, தன் ஆசையைப் பற்றி, பயத்தைப் பற்றி எல்லாம் சொல்லச் சொல்ல, இவர் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஏழில் ஏழில் ஆட்டிக்கொண்டு வந்தார். ஒரு ஆட்டம்கூடத் தப்பவில்லை.

"அப்ப, நான் போகட்டுமா?" என்று கேட்டார் மனைவி.

"எங்க?" என்றார் நம்மவர்.

அம்மணி எழுந்து போய்த் துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மடிப்பு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழு மாத ஆராய்ச்சிக்குப் பிறகு, 'நிறைவான வாழ்வு' என்ற எட்டு வாரப் படிப்பு ஒன்று ஒப்பீட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தமிழிலேயே விடை எழுதலாம் என்ற வசதிக்காக இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தார். சேர்ந்தார். சேர்ந்த சந்தோஷத்தில் கை ஓயாமல் மனைவியையும் சேர்த்துவிட்டார்.

"ஜோடியா சேந்தா ரொம்ப நல்லதாம். உன் பேரையும் போட்டுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சந்தோஷமா இருக்கறதுக்கு எதுக்குக் கேக்கணும்?"

இந்த இடத்தில் இந்த அம்மணி என்ன ஜாதிக்காரர் என்று சொல்லியாக வேண்டும். வேலை ஒன்று தன் பேருக்கு வந்துவிட்டால் அதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிற ஜாதி. எக்ஸ்ரே அறைக்குள் ஈயத் தகடு பதித்த சுவர். போனுக்குச் சிக்னல் வராது. அதனால் மதியச் சாப்பாட்டு வேளையில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் ஒரு கையில் போனுமாக வாரா வாரம் பாடத்தை முடித்துக்கொண்டு போனார். நாலு வாரத்தில் ஐந்தாவது பாடமும் முடிந்துவிட்டது. நம்மவர் அப்போது வரவேற்பு வீடியோவை இரண்டாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை பார்த்தபோது பேராசிரியரின் சிரிப்பு இயல்பா என்பதில் ஒரு ஐயம் விழுந்திருந்தது.

ஐந்தாவது பாடத்தில் ஒரு கட்டுரை: 'நீங்கள் எடுக்கத் தயங்கும் ஒரு முடிவைப் பற்றி எழுதுங்கள்.' கட்டுரையைத் திருத்துவது பேராசிரியர் அல்ல. ஆயிரக்கணக்கில் வருவதை அவர் எங்கே படிப்பது? பெயரை மறைத்து, கூடப் படிக்கிற இன்னொருவருக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழில் எழுதினால் தமிழ் தெரிந்தவருக்குத்தான் போகும். அந்தப் படிப்பில் தமிழ்க்காரர்கள் மொத்தம் பதினோரு பேர். மேலே நான் சொல்லப்போவது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். நம்மவருக்குத்தான் புரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை காலை. 'சக மாணவரின் கட்டுரை ஒன்று உங்கள் மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கிறது' என்று மின்னஞ்சல் வந்தது. தன் கட்டுரையை எழுதாவிட்டால் என்ன, அடுத்தவர் கட்டுரையைத் திருத்தலாம் என்று தெரிந்ததும் தேடுநருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்! நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். சிவப்புப் பேனா தேவைப்படாது என்று தெரிந்தும் எடுத்து வைத்துக்கொண்டார்.

கட்டுரை சின்னது. 'நான் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வெகுநாள் ஆசைப்பட்ட பொறுப்பு ஒன்று வந்திருக்கிறது. வேறு ஊருக்குப் போக வேண்டும். என் கணவர் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், அதட்டமாட்டார். எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். மூன்று முறை அவரிடம் சொல்ல முயன்றேன். முதல் முறை கையைக் காட்டினார். இரண்டாம் முறை கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கே என்றார். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, போய் வா என்றோ போகாதே என்றோ சொன்னால் போதும். இரண்டில் எது சொன்னாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தோன்றுகிறது.'

படித்து முடித்ததும் நம்மவருக்கு அந்தப் பெண்ணின் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கோபம் வந்தது. என்ன மனிதன் இவன்? கட்டின மனைவி மூன்று தடவை வந்து நிற்கிறாள், கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கிறானே! இப்படிப்பட்டவனைத் திருத்த ஒரு நல்ல படிப்பு இல்லாமலா போய்விட்டது? ஒப்பிட்டுப் பார்க்காமல் கண்டதில் சேர்ந்திருப்பான்.

"இங்க கொஞ்சம் வா!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஒரு பொம்பள எழுதியிருக்கா பாரு. அவளும் உன்ன மாதிரி ஆஸ்பத்திரிதான். இதைப் படிச்சேன்னா, நமக்கு இப்படி ஒரு புருஷன் கெடைச்சானேன்னு நீ நெனைச்சு நெனைச்சுச் சந்தோஷப்படுவே."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்ததும் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இரண்டாவது வரிக்கு மேல் படிக்கவில்லை, படிக்கிறாற்போல நின்றார்.

"எப்படி?" என்றார் நம்மவர்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா."

"எழுத்தை விடு. அந்த ஆளைப் பாத்தியா? எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது."

"அவர் கெட்டவர் இல்லைன்னு எழுதியிருக்காளே."

"அது அவளோட பெருந்தன்மை."

மனைவி ஈரம் போன கையை மறுபடியும் துடைத்தார். பிறகு, "அவ என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க" என்றார்.

"போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"புருஷன் ஒண்ணும் சொல்லலையே."

இப்போது பேசியது இருபத்தேழு வருஷக் கொள்முதல் அனுபவம். "மூணு தடவை கேட்டாச்சு. எங்க ஆபீஸ்ல மூணு ரிமைண்டர் போட்டும் ஒருத்தன் பதில் போடலைன்னா, ஆட்சேபணை இல்லைன்னு எழுதி ஃபைலை மூடிடுவோம். அதுக்கப்புறம் அவன் வந்து குதிச்சாலும் ஒண்ணும் நடக்காது."

"அப்படியே எழுதுங்க, அவளுக்குப் புரியற மாதிரி."

எழுதினார். மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'தங்கள் கட்டுரை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி கணவருக்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்பட்டுவிட்டது. மூன்று நினைவூட்டல்களுக்கும் பதில் வராத நிலையில், அவருக்கு ஆட்சேபணை இல்லை எனக் கருதி, தாங்கள் காலதாமதமின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவும். தங்களைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்தும் கவனிக்காதவர், இல்லாதபோதாவது கவனிக்கட்டும்.' கடைசி வாக்கியம் கொள்முதல் விதிகளில் இல்லாதது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினார். திரும்பிப் பார்த்தபோது மனைவி சமையலறைக்குப் போய்விட்டிருந்தார். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, முப்பதாம் தேதி. மாலை ஆறு மணிக்கு மனைவி வந்தார். காபி போடவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து விசைப்பலகையின் மேலேயே வைத்தார். நம்மவர் கையை உயர்த்தி, "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்ல வாயெடுத்தார். தாளில் இருந்தது தன்னுடைய வாக்கியம் என்று கண்டதும் கை தானாக இறங்கியது.

மேலே மதிப்பெண், பத்துக்குப் பத்து. கீழே 'மேற்படி கணவர்'. எல்லாவற்றுக்கும் தலையில், மாணவர் பெயர் என்ற இடத்தில், இருபத்திரண்டு வருஷமாக அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் பெயர் இருந்தது. இன்னொரு தாள், பொறுப்பை ஏற்றுக்கொள்வதாக மனைவி கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகல்.

அவர் முகம் எப்படிப் போயிற்று என்று மனைவி பார்த்தார். பார்க்க வேண்டும் என்றுதானே காத்திருந்தார்? முதலில் வெளுத்தது. பிறகு காதோரம் சிவந்தது. அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்து நின்றது. எந்தப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்காத வரிசையில் எல்லாம் நடந்தது.

"நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார், குரல் எழும்பாமல்.

"சொன்னேனே. மூணு தடவை."

"எப்ப போறே?"

"ஒண்ணாம் தேதி. நாளன்னிக்கு இல்ல, அடுத்த ஒண்ணு."

நம்மவர் கணினியின் மூடியைக் கீழே இறக்கினார். அந்தச் சத்தத்தை அந்த வீடு வெகுநாளாகக் கேட்டதில்லை. "இப்ப சொல்லு. முதல்லேர்ந்து" என்றார். மனைவி சொன்னார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. இடையில் தலையாட்ட மறந்துபோனார். மூன்று கேள்வி கேட்டார், மூன்றும் உருப்படியான கேள்விகள்: அங்கே எங்கே தங்குவாய், வேலையில் உதவிக்கு எத்தனை பேர், நான் சனிக்கிழமை தோறும் வந்தால் தொந்தரவாக இருக்குமா. மூன்றாவதற்கு மட்டும் மனைவி முதலில் அவர் காதைப் பார்த்தார். "வாங்க. ஆனா காதுல மாட்டறதை இங்கேயே வச்சுட்டு வாங்க."

இவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. சனிக்கிழமை தோறும் போகிறார், அது உண்மை. காதில் மாட்டுவதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறார், அதுவும் உண்மை. பஸ்ஸில் போகிற மூன்று மணி நேரத்தில், 'தூரத்தில் இருக்கும் துணையோடு நெருக்கமாக வாழ்வது' பற்றிய படிப்புகளைப் போனில் தேடி, இதுவரை இரண்டு கண்டுபிடித்திருக்கிறார். மூன்றாவது கிடைத்ததும் பட்டியல் போடுவார்.

நிற்க. இவ்வளவு நேரம் இதைப் படித்தீர்களே, நடுவில் எத்தனை இடத்தில் சிரித்தீர்கள்? சிரித்தபோது உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது? மச்சினரா, மேலதிகாரியா, லிங்க் அனுப்பியே உயிரை எடுக்கிற அந்த நண்பரா? அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது, அவருக்கு இதை அனுப்பிவைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தோன்றாமல் இருக்காது. நம்மவரும் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறு யாரையோ நினைத்துக்கொண்டுதான் பத்துக்குப் பத்து போட்டார்.

அது இருக்கட்டும். நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு, உள்ளேயிருந்து உங்களை யாரோ கூப்பிட்டார்களே, நீங்களும் "அஞ்சு நிமிஷம்" என்றீர்களே, அது எத்தனையாவது தடவை?